உயரமானவருக்கும் கனமானவருக்கும் கயாக் ஏன் பொருந்துவதில்லை: அறிகுறி வாரியாகப் பிழை நீக்கும் வழிமுறை

கயாக்கில் உட்கார்ந்தால் கால் மரத்துப்போகிறது என்று உயரமான ஒருவர் சொன்னாலும், இருக்கையில் தண்ணீர் தேங்குகிறது என்று கனமான ஒருவர் சொன்னாலும், கடையில் கிடைக்கும் பதில் பெரும்பாலும் ஒன்றுதான்: "இதைவிடப் பெரிய படகா எடுத்துக்குங்க சார்." என் உயரம் 189 செ.மீ., எடை 112 கிலோ. அந்தப் பதிலை நம்பி நான் வாங்கிய முதல் படகின் அகலம் 76 செ.மீ.; அதிலும் கால் மரத்துப்போனது, அதோடு துடுப்புப் போடும்போதெல்லாம் கட்டைவிரல் முட்டி படகின் விளிம்பில் உரசித் தோலும் போயிற்று. பிழை எங்கே இருக்கிறது என்று பார்க்காமல் மருந்தை மட்டும் இரட்டித்ததன் விளைவு அது.

எடையால் வரும் பிழைகள் படகுக்கும் தண்ணீருக்கும் இடையில் நிகழ்பவை. எலும்பின் நீளத்தாலும் உடலின் பருமனாலும் வரும் பிழைகள் உடலுக்கும் படகுக்கும் இடையில் நிகழ்பவை. முதல் வகைக்குப் படகை மாற்றுவதைத் தவிர வேறு வழி அநேகமாக இல்லை. இரண்டாம் வகையில் பாதிக்கும் மேற்பட்டவற்றை ஒரு ஸ்பானரும் ஒரு துண்டு ஃபோமும் சரிசெய்துவிடும். ஆகவே கீழே உள்ள ஒவ்வோர் அறிகுறியிலும் நான் முதலில் கேட்பது, இது எந்த வகை என்பதைத்தான்.

தொடங்குமுன் எடுக்க வேண்டிய அளவுகள்

கிரீன்லாந்தின் இனூயிட் மக்கள் தோல் போர்த்திய கயாக்கைக் கட்டியபோது அளவுநாடா பயன்படுத்தவில்லை. ஓட்டப்போகிறவரின் விரித்த கைகளின் நீளத்தைப் போல் மூன்று மடங்கு படகின் நீளம், இடுப்பின் அகலத்தோடு இரண்டு கைமுட்டிகள் சேர்ந்தது அதன் அகலம், மூடிய கைமுட்டியும் நீட்டிய கட்டைவிரலும் சேர்ந்தது அதன் ஆழம் என்பது அங்கு வழங்கிவந்த கணக்கு. ஒருவருக்குச் செய்த படகு இன்னொருவருக்குச் சரியாக அமையாது என்பது அதிலேயே அடங்கியிருக்கிறது. அச்சில் வார்த்த தொழிற்சாலைப் படகோ யாரோ ஒரு நடுத்தர உடலை மனத்தில் வைத்துச் செய்யப்பட்டது. அந்த உடலிலிருந்து நாம் எவ்வளவு விலகியிருக்கிறோம் என்பதை நாமேதான் அளந்துகொள்ள வேண்டும்.

சுவரில் முதுகும் புட்டமும் ஒட்டும்படி தரையில் உட்கார்ந்து, கால்களை நீட்டி, முழங்காலைச் சற்றே மடக்கிப் பக்கவாட்டில் விரியுங்கள். சுவரிலிருந்து முழங்கால் சில்லின் முன்பக்கம் வரை உள்ள தூரம் முதல் அளவு. சுவரிலிருந்து உள்ளங்கால் வரை உள்ள தூரம் இரண்டாவது. கயாக்குக்கு அணியும் அதே காலணியோடு, குதிகால் தரையில் பட, பாதத்தை இயல்பாகச் சாய்த்து வைத்தால் கட்டைவிரல் நுனி தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்பது மூன்றாவது. உயரமானவர்கள் பலர் தோற்பது இந்த அளவில்தான், ஆனால் கடையில் யாரும் இதைக் கேட்பதில்லை. உட்கார்ந்த நிலையில் இடுப்பின் மிக அகலமான இடம் நான்காவது. நின்று எடுத்த பேண்ட் அளவு இதற்கு உதவாது, ஏனெனில் உட்காரும்போது உடல் பக்கவாட்டில் பரவுகிறது. கடைசியாக, லைஃப் ஜாக்கெட், காலணி, குடிநீர் அனைத்தையும் சேர்த்துக்கொண்டு எடை இயந்திரத்தில் ஏறி நின்று பாருங்கள்.

அறிகுறி: இருபது நிமிடத்தில் கால் மரத்துப்போகிறது

இது உடலுக்கும் படகுக்கும் இடையிலான பிழை. இதற்காகப் படகை விற்றவர்களை நான் பார்த்திருக்கிறேன். அவர்களில் அநேகருக்கு அந்த அவசியமே இருந்திருக்காது.

முதலில் பின் பாக்கெட்டைப் பாருங்கள். பர்ஸோ சாவிக்கொத்தோ இருந்தால் அதை எடுத்துவிட்டு இன்னொரு முறை உட்காருங்கள். சிரிப்புக்குச் சொல்லவில்லை, ஒரு பக்கக் கால் மட்டும் மரத்துப்போகிறது என்று சொன்ன ஒரு நண்பருக்கு, ஸ்கூட்டர் சாவியை எடுத்ததும் குறை தீர்ந்தது.

அது காரணமில்லை என்றால் தொடையின் அடிப்பகுதியைக் கவனியுங்கள். தொடை எலும்பு நீளமானவருக்கு, சராசரி உடலுக்கு வார்த்த இருக்கையின் முன்விளிம்பு தொடையின் நடுவிலேயே முடிந்துவிடுகிறது; அதற்கு முன்னால் உள்ள பகுதி தாங்கலின்றித் தொங்க, உடலின் எடை முழுவதும் புட்டத்தின் கீழும் அந்த விளிம்பின் மேலும் இறங்கி, அவ்வழியே காலுக்குச் செல்லும் நரம்பை நசுக்குகிறது. நீர் புகாத சிறிய ட்ரை பேக் ஒன்றைப் பாதியளவு காற்றோடு மூடி, இரண்டு தொடைகளுக்கும் கீழே, இருக்கை விளிம்பை ஒட்டிக் குறுக்காக வைத்து அரை மணி நேரம் ஓட்டிப் பாருங்கள். மரத்துப்போவது குறைந்தால் காரணம் உறுதியாகிவிட்டது. பின்னர் அதே இடத்தில் ஆப்பு வடிவில் செதுக்கிய ஃபோமை ஒட்டிக்கொள்ளலாம். மூடிய செல் கொண்ட ஃபோமாக இருக்க வேண்டும். மெத்தைக் கடைப் பஞ்சு தண்ணீரைக் குடித்துவிட்டு அங்கேயே கிடந்து நாறும்.

தொடைக்குத் தாங்கல் கொடுத்தும் குறை தொடர்ந்தால் ஃபுட் பெக் எனப்படும் கால்தாங்கிக்குப் போங்கள். அது மிக அருகில் இருந்தால் முழங்கால் மேல்தளத்தில் இறுக அழுந்தும். மிகத் தொலைவில் இருந்தால் பாதம் அதைத் தேடி நீள, இடுப்பு முன்னோக்கி வழுக்கி, முதுகு வளைந்து, எடை வால் எலும்பின் மேல் விழும். பாதத்தின் முன்பகுதி தாங்கியில் பட்டும் படாமலும் இருந்து, சற்றே அழுத்தினால் தொடை மேலெழுந்து மேல்தளத்தின் உட்புறத்தில் உள்ள தொடைப்பிடியில் பொருந்துவதுதான் சரியான இடம். கடைசிப் பல்லுக்குத் தள்ளியும் இந்த இடம் கிடைக்கவில்லை என்றால் அது அடுத்த அறிகுறிக்கு உரியது.

அறிகுறி: பாதம் மடங்குகிறது, கட்டைவிரல் மேல்தளத்தில் இடிக்கிறது

இதில் இரண்டு பிழைகள் ஒன்றாகத் தெரியும், பிரித்துப் பாருங்கள். கால் நீளத்துக்கு இடமில்லையா, அல்லது பாதத்தின் உயரத்துக்கு இடமில்லையா?

நீளத்துக்கு இடமில்லை என்றால், கால்தாங்கியைக் கழற்றிவிட்டு, முன் அறையைப் பிரிக்கும் தடுப்புச் சுவரின் மேல் கெட்டியான ஃபோம் பலகைகளை அடுக்கி, அதில் பாதத்தை ஊன்றுங்கள். கால்தாங்கி நகரும் தண்டவாளம் முடியும் இடத்துக்கும் தடுப்புச் சுவருக்கும் இடையில் வீணாகக் கிடந்த சில சென்டிமீட்டர்கள் இதனால் கிடைக்கின்றன. பாதம் முழுவதும் ஊன்றுவதால் குதிகால் வலியும் போகிறது. தண்டவாளத்தையே முன்னுக்கு நகர்த்தித் துளையிடுவது இன்னொரு வழி. பழைய துளைகளை நீர் புகாமல் அடைக்க வேண்டும். ஃபைபர் கிளாஸ் படகில் தடுப்புச் சுவரையே பட்டறையில் முன்னுக்குத் தள்ளி வைத்துத் தருவார்கள். வார்த்த பிளாஸ்டிக் படகில் அந்த வேலையில் இறங்காமல் இருப்பது நல்லது.

பாதத்தின் உயரத்துக்கு இடமில்லை என்றால் வழிகள் குறைவு. தடித்த அடிப்பாகம் கொண்ட செருப்பையோ ஷூவையோ விட்டுவிட்டு மெல்லிய அடிப்பாகம் கொண்ட நியோப்ரீன் காலணிக்கு மாறுங்கள். குதிகால்களை நடுவில் அருகருகே வைத்துப் பாத நுனிகளை வெளிப்புறமாகச் சாயுங்கள். இவை இரண்டும் போதவில்லை என்றால் அந்த மேல்தளம் உங்களுக்குத் தாழ்வு. அதை யாராலும் உயர்த்த முடியாது. 46-ஆம் எண் காலணி அணியும் நான், எந்தப் படகிலும் மற்றவற்றைப் பார்ப்பதற்கு முன் காலணியோடு உள்ளே இறங்கிப் பாதத்தை நிமிர்த்திப் பார்ப்பதை வழக்கமாக வைத்திருக்கிறேன்.

அறிகுறி: முழங்கால் உள்ளே போக மறுக்கிறது, அல்லது வெளியே வர மறுக்கிறது

உள்ளே போக மறுத்தால் அது தொல்லை. வெளியே வர மறுத்தால் அது ஆபத்து. ஆகவே இதைத் தரையிலேயே தீர்த்துக்கொள்ள வேண்டும். புல்தரையில் படகை வைத்து, புட்டம் இருக்கையிலேயே இருக்க, முதலில் ஒரு முழங்காலையும் பிறகு மற்றதையும் காக்பிட்டுக்கு, அதாவது நாம் உட்காரும் திறப்புக்கு, வெளியே தூக்க முடிகிறதா என்று பாருங்கள். முடிந்தால் காக்பிட்டின் நீளம் போதும். முடியாவிட்டால், பின்தளத்தில் உட்கார்ந்து இரு கால்களையும் நீட்டியபடி வழுக்கி இறங்கும் முறையில்தான் ஏற வேண்டியிருக்கும். அதே முறையில் தடையின்றி வெளியேறவும் முடிந்தால் படகை வைத்துக்கொள்ளலாம். அதுவும் முடியவில்லை என்றால் அந்தப் படகில், இடுப்பைச் சுற்றிக் காக்பிட்டை மூடும் ஸ்ப்ரே ஸ்கர்ட்டை மாட்டிக்கொண்டு தண்ணீரில் இறங்கவே கூடாது. தரையில் தேறியவரும், மார்பளவு தண்ணீரில் பக்கத்தில் ஒருவர் நிற்க, கவிழ்ந்து வெளியேறிப் பார்த்த பிறகே ஆழத்துக்குப் போக வேண்டும்.

பழைய படகு வாங்குகிறவர்கள் இதில் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். பிரிட்டிஷ் கடல் கயாக்குகளில் புகழ்பெற்ற நோர்ட்காப், ஃபிராங்க் குட்மன் 1970-களில் வடிவமைத்தது. 1977-இல் அவரும் மூன்று தோழர்களும் தென் அமெரிக்காவின் தென்கோடியில் உள்ள கேப் ஹார்னைச் சுற்றியது அந்தப் படகில்தான். ஆனால் அதன் ஆரம்பகாலப் படகுகளில் காக்பிட் சிறியது, ஏறத்தாழ வட்டமானது. அலை உள்ளே வராமலிருக்க அது நல்ல ஏற்பாடு. நீண்ட தொடை உள்ளவருக்கோ அது பானைக்குள் காலை விட்ட கதை. சாவித்துளை வடிவம் என்று சொல்லப்படும், 80 செ.மீ.க்கு மேற்பட்ட நீளமுள்ள காக்பிட்டைத் தேடுங்கள். அந்த நீளத்தையும் முதுகுத்தாங்கியிலிருந்து அளக்க வேண்டும், காக்பிட்டின் பின்விளிம்பிலிருந்து அன்று. தடித்த முதுகுத்தாங்கி ஒன்று ஐந்து சென்டிமீட்டரைத் தின்றுவிடும். மெல்லிய பட்டைத் தாங்கிக்கு மாறியதாலேயே முழங்கால் விடுதலை பெற்றவர்கள் உண்டு.

அறிகுறி: இடுப்பு இறுகுகிறது

பெரும்பாலான இருக்கைகளின் இருபுறமும் உள்ள ஃபோம் பட்டைகளைக் கழற்றலாம். கழற்றியபின் இருபுறமும் விரித்த உள்ளங்கை ஒன்று நுழையும் இடைவெளி இருந்தால் போதும். கழற்றியும் இறுகினால் இருக்கைச் சட்டமே குறுகல். இருக்கையை மாற்ற முடியுமா என்று பாருங்கள், முடியாவிட்டால் படகை மாற்றுங்கள்.

அறிகுறி: மேலே உட்காரும் கயாக்கில் எப்போதும் ஈரத்தில் உட்கார வேண்டியிருக்கிறது

வாடகைக்குக் கிடைக்கும் பிளாஸ்டிக் கயாக்குகளில் பெரும்பாலானவை இவ்வகை. இருக்கையின் தளத்தில் உள்ள வடிகால் துளைகள் படகை மேலிருந்து கீழ்வரை ஊடுருவிச் செல்கின்றன. ஏறிய அலை அவற்றின் வழியே தானாக வடிந்துவிட வேண்டும் என்பது ஏற்பாடு. இருக்கைத் தளம் வெளியே உள்ள நீர்மட்டத்துக்கு மேலே இருக்கும்வரைதான் அது நடக்கும். எடை கூடிப் படகு தாழ்ந்து, தளம் நீர்மட்டத்துக்குக் கீழே போனதும், அதே துளை தண்ணீரை உள்ளே கொண்டுவரும். நம் கட்டுமரத்தில் மரங்களின் இடுக்கு வழியாக நீர் ஏறி இறங்குவது அதன் இயல்பு. மரம் திண்ணமாக இருப்பதால் அதனால் எதுவும் கெடுவதில்லை. உள்ளே வெறுங்காற்றை அடைத்த பிளாஸ்டிக் கூட்டில் அதே காட்சி தெரிந்தால் அது எச்சரிக்கை.

துளைகளுக்கு அடைப்பான் விற்கிறார்கள். உப்பங்கழியிலும் ஏரியிலும் அதை மாட்டிக்கொண்டு உலர்ந்து உட்காரலாம், தவறில்லை. அலை உடையும் கரையில் அதை மாட்டினால், மேலே ஏறிய நீர் இறங்க வழியின்றித் தேங்கி, படகைத் தள்ளாட வைக்கும். அடைப்பான் உங்கள் புட்டத்தை உலர வைக்குமே தவிர, படகை ஓர் அங்குலம்கூட உயர்த்தாது.

அறிகுறி: படகு தாழ்ந்து மிதக்கிறது, சிற்றலையும் மேல்தளத்தில் ஏறுகிறது

இது முழுக்கத் தண்ணீரின் கணக்கு. ஏறத்தாழ நாலரை மீட்டர் நீளமும் 56 செ.மீ. அகலமும் உள்ள கடல் கயாக் ஒன்றின் நீர்மட்டப் பரப்பு, முனைகள் கூர்ந்து போவதைக் கழித்தால், சுமார் ஒன்றரைச் சதுர மீட்டர் வரும். அது ஒரு சென்டிமீட்டர் அமிழ்ந்தால் 15 லிட்டர் நீரை விலக்கும். அதாவது ஒவ்வொரு 15 கிலோவுக்கும் ஒரு சென்டிமீட்டர். 75 கிலோ உள்ள ஒருவரை எண்ணி வரைந்த படகில் 112 கிலோ உள்ள நான் உட்கார்ந்தால் அது இரண்டரை சென்டிமீட்டர் கூடுதலாக அமிழும். கேட்பதற்கு அற்பமாகத் தோன்றும். ஆனால் காக்பிட்டின் பக்கத்தில் மேல்தளம் நீருக்கு மேலே நிற்கும் உயரமே பல படகுகளில் ஒரு சாண் அளவுக்கும் குறைவு என்பதால், அந்த இரண்டரை சென்டிமீட்டரை எங்கிருந்து எடுக்கிறோம் என்பதை யோசிக்க வேண்டும்.

லேபிளில் அச்சிட்ட அதிகபட்சச் சுமையை இங்கு நம்பக் கூடாது. அதை எல்லா நிறுவனங்களும் ஒரே முறையில் கணக்கிடுவதில்லை; பொதுவாக அது படகு இன்னும் மூழ்காமல் இருக்கும் எல்லையைச் சொல்கிறதே தவிர, நன்றாக ஓடும் எல்லையைச் சொல்வதில்லை. அந்த எண்ணில் மூன்றில் இரண்டு பங்கை உங்கள் முழுச் சுமைக்கு வரம்பாக வைத்துக்கொள்வது அனுபவஸ்தர்களின் வழக்கம். என் உடல் 112, உடையும் லைஃப் ஜாக்கெட்டும் 3, தண்ணீர், சாப்பாடு, பம்பு முதலியன 5 என்று 120 கிலோ. ஆகவே 180 கிலோவுக்குக் குறைவாக எழுதியிருந்தால் நான் அந்தப் படகின் அருகிலேயே போவதில்லை.

பெயரில் உள்ள எழுத்துகளும் ஓரளவுக்கு உதவும். பி அண்ட் எச் நிறுவனம் ஸ்கார்பியோ என்ற தன் கடல் கயாக்கை எல்.வி. (குறைந்த கொள்ளளவு), எம்.வி. (நடுத்தரம்), எச்.வி. (அதிகம்) என்று பிரித்து விற்றது. அந்த எழுத்துகள் ஒரே குடும்பத்துக்குள் ஒப்பிடத்தான், ஒருவருடைய எம்.வி. இன்னொருவருடைய எச்.வி.யைவிட இடம் தாராளமாக இருப்பதும் உண்டு.

ஐயம் இருந்தால் மாஸ்கிங் டேப்பை எடுத்துக்கொண்டு முட்டுக்காடு போன்ற அமைதியான உப்பங்கழிக்குப் போங்கள். முழுச் சுமையோடு உட்காருங்கள். நண்பர் ஒருவர் இடுப்பளவு நீரில் நின்று, காக்பிட்டின் பக்கத்திலும் முன்முனையிலும் பின்முனையிலும் நீர் தொடும் இடத்தில் டேப்பை ஒட்டட்டும். கரையேற்றியபின் அந்த மூன்று துண்டுகளைப் பார்த்தால், எவ்வளவு அமிழ்ந்தது என்பதோடு எந்தப் பக்கம் சாய்ந்தது என்பதும் தெரிந்துவிடும். அடுத்த அறிகுறிக்கும் இதே டேப்புதான் சாட்சி.

அறிகுறி: காற்று அடித்தால் முன்முனை காற்றோடு போய்விடுகிறது

பக்கக் காற்றில் ஓடும் கயாக், பொதுவாக முன்முனையைக் காற்றை நோக்கித் திருப்பப் பார்க்கும். அதற்கு மாறாக முன்முனை காற்றின் திசையிலேயே தள்ளப்பட்டு, எவ்வளவு துடுப்புப் போட்டும் காற்றை நோக்கித் திரும்ப மறுத்தால், பின்முனை அமிழ்ந்து முன்முனை எழும்பி நிற்கிறது என்று பொருள். பின்பக்க ஸ்கெக் (படகின் அடியில் இறக்கி ஏற்றும் சிறு தகடு) கீழே இறங்கியிருக்கிறதா என்பதை மட்டும் முதலில் பார்த்துவிடுங்கள். அது இறங்கியிருந்தாலும் இதே குறை வரும்.

நீண்ட கால் உள்ளவர்கள் இதைத் தாங்களே வரவழைத்துக்கொள்கிறார்கள்: காலுக்கு இடம் வேண்டி இருக்கையைப் பின்னுக்குத் தள்ளுகிறார்கள். 60 கிலோ உள்ளவர் ஐந்து சென்டிமீட்டர் நகர்ந்தால் படகு அதைப் பெரிதாகக் கண்டுகொள்ளாது. 110 கிலோ உள்ளவர் அதே ஐந்து சென்டிமீட்டர் பின்னுக்குப் போனால், அதை ஈடுகட்ட இருக்கைக்கு 1.6 மீட்டர் முன்னால் மூன்றரைக் கிலோ வைக்க வேண்டும். அவசரத் தீர்வும் அதுதான்: முன் அறையில் தண்ணீர்க் குடுவைகளை நகராதபடி கட்டி வையுங்கள். நிலையான தீர்வு, இருக்கையைப் பழைய இடத்துக்குக் கொண்டுவந்து, காலுக்கான இடத்தை மேலே சொன்ன ஃபோம் பலகை வழியில் தேடுவது.

அறிகுறி: ஏறியதிலிருந்து படகு நடுங்குகிறது

புதியவர் எவருக்கும் முதல் சில நாள் நடுங்கும். அதைப் பிழை என்று எண்ண வேண்டாம். பத்துப் பதினைந்து மணி நேரம் ஓட்டிய பிறகும் நடுங்கினால் இருக்கையின் உயரத்தைப் பாருங்கள். உயரமானவரின் உடலில் எடை ஏற்கெனவே மேலே நிற்கிறது. அதற்குக் கீழே சொகுசுக்காக நாலு சென்டிமீட்டர் மெத்தை போட்டால் அது இன்னும் மேலே போகிறது. மெத்தையை எடுத்துவிடுங்கள். இருக்கையை இரண்டு சென்டிமீட்டர் தாழ்த்த முடிந்தாலே, படகையே மாற்றியதுபோல் இருக்கும்.

இருக்கை தாழ்வாகவே இருந்தும் நடுங்கினால் டேப்பைப் பாருங்கள். படகு அளவுக்கு மீறி அமிழ்ந்திருந்தால், சற்றுச் சாய்ந்ததுமே மேல்தளத்தின் விளிம்பு நீருக்குள் போய்விடும். அதற்குமேல் தாங்கிப் பிடிக்க அந்தப் பக்கத்தில் கொள்ளளவு மிச்சமில்லை. இதற்குப் பயிற்சி மருந்தல்ல.

அறிகுறி: படகு தக்கைபோல் மிதக்கிறது, சொன்னபடி கேட்பதில்லை

இது ஒல்லியான உயரமானவரின் குறை. 190 செ.மீ. உயரமும் 78 கிலோ எடையும் உள்ளவர், காலுக்கு இடம் வேண்டி எச்.வி. படகை வாங்கியிருப்பார். அதை நீரில் அமிழ்த்த அவரிடம் எடை இல்லை. உயர்ந்து நிற்கும் பக்கங்களில் காற்று பிடித்துக்கொள்ளும், இடுப்பு இருக்கையில் கலகலவென்று ஆடும். இடுப்புக்கும் தொடைக்கும் ஃபோம் ஒட்டினால் ஆட்டம் நிற்கும். முன்னும் பின்னும் தண்ணீர்ப் பைகளை வைத்தால் படகு சற்று அடங்கும். ஆனால் இவருக்குத் தேவையாக இருந்தது நடுத்தரக் கொள்ளளவும் நீண்ட காக்பிட்டும் உயர்ந்த முன்தளமும் உள்ள படகு. குட்டையான கனமானவருக்கு நேர் எதிர்: நல்ல கொள்ளளவு, அகலமான இருக்கை, காலுக்குச் சாதாரண இடம். இந்த இருவருக்கும் ஒரே படகைக் காட்டும் கடையில் கேட்பதற்கு மேற்கொண்டு எதுவும் இல்லை.

அறிகுறி: கவிழ்ந்த பிறகு திரும்ப ஏற முடியவில்லை

இதைக் கடைசியில் வைத்தாலும், படகை வாங்குவதற்கு முன்பே சோதித்துவிட வேண்டும். கனமானவருக்குக் கையின் பலத்தால் மட்டும் மேல்தளத்தில் ஏறுவது கடினம். ஆகவே பின்தளம் தாழ்வாக உள்ள படகைத் தேர்ந்தெடுப்பது பாதி வேலையை முடித்துவிடும். மீதிப் பாதிக்கு நாலரை மீட்டர் நீளமுள்ள பட்டைக் கயிறு ஒன்றை வளையமாக முடிந்து வைத்துக்கொள்ளுங்கள். படகைத் தோழர் தன் படகோடு சேர்த்துப் பிடித்துக்கொள்ள, அந்த வளையத்தைக் காக்பிட்டின் குறுக்கே கிடத்திய துடுப்பில் மாட்டித் தொங்கவிட்டால், அது காலை வைத்து ஏறும் படியாகிவிடும். வளையத்தின் அடி முழங்காலுக்குச் சற்றுக் கீழே தொங்க வேண்டும். அதைவிடத் தாழ்ந்தால் கால் படகின் அடியில் வழுக்கிப் போகும், உயர்ந்தால் காலைத் தூக்கி அதற்குள் வைக்க முடியாது. ஒவ்வொருவர் காலுக்கும் அந்த நீளம் வேறு என்பதால், ஆழம் குறைந்த நீரில் இரண்டு மூன்று முறை ஏறிப் பார்த்து, சரியான இடத்தில் முடிச்சைப் போட்டு, அதை அவிழ்க்காமல் லைஃப் ஜாக்கெட்டின் பையில் வையுங்கள்.